கிளினிக் மருந்து கடதாசிக் கவரில் வருவது நம்ம நாட்டில் மட்டும்தானா?

கேள்வி: இலங்கை மலையகத்தின் தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர், 2023 ஒக்டோபர் 8

அம்மாவுக்கு சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் இருக்கு. மாதம் ஒருதரம் கிளினிக். போன முறை மருந்து எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் கடதாசிக் கவர்களில் வந்தது. இரண்டு கவரில் என்ன எழுதியிருக்கு என்று எனக்கே விளங்கவில்லை. கனடாவிலிருந்து வந்திருந்த மாமா அதைப் பார்த்துவிட்டு, "அங்கே இப்படிக் கொடுத்தால் பார்மசியை இழுத்து மூடிவிடுவாங்க" என்றார். அங்கே நோயாளியின் பெயர் அடித்த போத்தலில்தான் மாத்திரை வருமாம். நம்ம நாட்டில் மட்டும் ஏன் இப்படி? காசு இல்லையா, கவனம் இல்லையா?

2023 ஒக்டோபர் 8, இரவு

மாமா சொன்னதில் பாதி சரி. அட்டனில் ஒரு பார்மசி கவுண்டரில் பல வருஷம் நின்றவன் என்பதால் மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் கைக்கு வரும் அந்தப் போத்தல், மருந்துக் கம்பனி அனுப்பிய போத்தல் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் பார்மசிக்காரர் பெரிய டப்பாவைத் திறந்து, ஒரு தட்டில் கொட்டி, தட்டையான கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணி, வெறும் போத்தலில் போட்டு மூடுகிறார். நம்ம ஆஸ்பத்திரியில் பெரிய டப்பாவிலிருந்து எண்ணிக் கவரில் போடுவதும் அதே வேலைதான். சாமி ஒன்று, அலங்காரம்தான் வேறு.

வித்தியாசம் போத்தலில் ஒட்டுகிற தாளில் இருக்கிறது. நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்படிக் குடிப்பது, எழுதிய டொக்டர், கொடுத்த திகதி, இன்னும் எத்தனை தடவை திரும்ப வாங்கலாம் என்பது வரை அதில் இருக்கும். நம்ம கவரில் காலை, பகல், இரவு என்று அச்சடித்த இடத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே அவசரத்தில் கிறுக்கிய நாலு எழுத்து.

ஒக்டோபர் 9

மாமாவிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாத்திரையின் மேலும் எழுத்தோ இலக்கமோ அச்சாகியிருக்க வேண்டும் என்று 1990களில் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு மாத்திரை தரையில் உருண்டு கிடந்தாலும் அந்தக் குறியை வைத்து இன்ன கம்பனி, இன்ன மருந்து, இத்தனை மில்லிகிராம் என்று கண்டுபிடிக்கலாம். அங்கே எண்ணிப் போட்டுக் கொடுப்பது ஓடுகிறது என்றால் அதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. நான் கவுண்டரில் கண்ட மாத்திரைகளில் பாதிக்கு மேல் நடுவில் ஒரு கோட்டைத் தவிர ஒன்றும் கிடையாது.

போத்தலின் செம்மஞ்சள் நிறம் அழகுக்கு இல்லை, வெளிச்சம் பட்டுக் கெடுகிற மருந்துகளுக்காக. அமுக்கித் திருப்பினால்தான் திறக்கும் மூடி 1970இல் வந்த சட்டத்தின் வேலை. மிட்டாய் என்று நினைத்து பிள்ளைகள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக. கை மூட்டு வலிக்கிற கிழவிகளுக்கு அதைத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேட்டால் சாதாரண மூடி போட்டுத் தருவார்கள்.

ஒக்டோபர் 9, பின்னேரம்

"ஐரோப்பா முழுக்க போத்தல்தான்" என்று எழுதியவருக்கு: இல்லை. ஜெர்மனியில் பார்மசிக்காரர் பெட்டியைத் திறக்கவே மாட்டார். கம்பனி மூடிய பெட்டி அப்படியே கைக்கு வரும். பெட்டிக்குச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு, என்1, என்2, என்3 என்று அடையாளம். டொக்டர் இன்ன அளவு என்று எழுதுவார். ஏழு நாளுக்குப் பத்து மாத்திரை வந்தால் மூன்று மிச்சம், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்டியின் மேல் மருந்தின் பெயர் பார்வையற்றோருக்கான புள்ளி எழுத்திலும் இருக்க வேண்டும். 2019 பெப்ரவரியிலிருந்து டொக்டர் எழுதும் துண்டுக்குக் கொடுக்கும் பெட்டிகளில் தனித்தனிக் குறியீடும், பிரித்தால் தெரிந்துவிடும் ஒட்டுத்தாளும் கட்டாயம், கள்ள மருந்து நுழையாமல் இருக்க.

ஒக்டோபர் 11

இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் தம்பியிடம் கேட்டேன். அங்கே பெரும்பாலும் 28 நாள் கணக்குக்குப் பெட்டி. பெட்டியின் மேல் நோயாளி பெயரோடு தாள் ஒட்டி வரும். இங்கிலாந்தில் 2023இல் ஒரு மருந்துக்கு 9 பவுண் 65 பென்ஸ் கட்ட வேண்டியிருந்தது, 60 வயது ஆனால் இலவசம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் யாருக்கும் கட்டணம் இல்லை.

இன்றைய திகதியிலிருந்து ஒரு புது விதி என்றும் சொன்னான். வலிப்புக்குக் கொடுக்கும் வல்ப்ரோயேட்டை இனிப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, கம்பனிப் பெட்டியோடுதான் கொடுக்க வேண்டும். கர்ப்பத்தில் குடித்தால் பிள்ளைக்குப் பெரிய பாதிப்பு வரும் என்ற எச்சரிக்கை பெட்டியிலும் உள்ளே இருக்கும் தாளிலும்தான் இருக்கிறது. பெட்டி போனால் எச்சரிக்கையும் போய்விடும். இதே மருந்தைக் கவரில் போட்டு எத்தனை இளம் பெண்களிடம் கொடுத்திருப்போம் என்று யோசித்தேன். அதன் பிறகு வேலை ஓடவில்லை.

ஒக்டோபர் 15

இப்போது எல்லோரும் "இங்கேயும் முழுப் பெட்டிதான் கொடுக்க வேண்டும், மாத்திரை பதித்த கார்டை வெட்டி விற்பதைத் தடை செய்ய வேண்டும்" என்று எழுதத் தொடங்கிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 2021இல்தான் ஆயிரம் ரூபாய் ஆனது. அதுவும் பறித்த கொழுந்தின் நிறை சரியாக வந்தால், முழு நாள் பேர் போட்டால். அந்த மனிதர் டொக்டர் எழுதின துண்டோடு கவுண்டருக்கு வந்து முதலில் கேட்பது, "எல்லாம் எவ்வளவு வரும் ஐயா?" தொகையைச் சொன்னதும் முகத்தைப் பார்க்க முடியாது. அடுத்த வார்த்தை, "அப்ப மூணு நாளைக்கு மட்டும் தாங்க, சம்பளம் போட்டதும் மிச்சத்த வாங்கிக்கிறேன்." மாதத்தின் பத்தாம் திகதி கழிந்தால் துண்டுக்கு முழு மருந்து வாங்குகிறவர்கள் கூடும், இருபதுக்குப் பிறகு அரைவாசிதான். முழுப் பெட்டிதான் விற்கலாம் என்று சட்டம் போட்டால் அந்த மூன்று நாள் மருந்தும் அவருக்குக் கிடைக்காது. 2016இல் 48 மருந்துகளுக்கு அரசாங்கம் உச்ச விலை போட்டபோது எங்கள் கவுண்டரில் மூன்று நாள் கேட்டவர்கள் ஒரு வாரத்துக்குக் கேட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்தேன்.

அதனால் நான் கத்தரிக்கோலுக்கு எதிரி இல்லை. வெட்டுகிற விதத்துக்குத்தான் எதிரி. கார்டின் பின்பக்கம் மருந்தின் பெயர் இருக்கும், ஒரு ஓரத்தில் காலாவதித் திகதி அமுக்கியிருக்கும். அவசரத்தில் திகதி இருக்கும் ஓரத்தை முதலில் வெட்டிக் கொடுத்துவிட்டால் கடையில் மிஞ்சுவது திகதி இல்லாத கார்ட். அதன் பிறகு வருகிற நாலு பேருக்கும் எப்போது கெடும் என்று தெரியாத மருந்துதான்.

ஆன்டிபயோட்டிக் மட்டும் வேறு கதை. டொக்டர் சொன்ன நாள் முழுக்கக் குடிக்க வேண்டிய அதை மூன்று நாளுக்கு வெட்டிக் கொடுக்க மனம் வராது. கொடுக்காமல் அனுப்பவும் முடியாது. கவுண்டருக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு இது சுலபமான கேள்வி.

ஒக்டோபர் 16

வெட்டுவது பற்றி ஜப்பான் கதை. அங்கே கார்டில் ஒவ்வொரு மாத்திரையாகப் பிய்த்தெடுக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டிருந்தார்கள். வயதானவர்கள் தனியாகப் பிய்த்த துண்டை அலுமினியத் தாளோடேயே விழுங்கி, அது தொண்டைக் குழாயைக் கிழித்தது. 1996இலிருந்து ஒரு பக்கமாக மட்டும் கோடு. ஆகக் குறைந்தது இரண்டு மாத்திரை சேர்ந்துதான் வரும், அதை விழுங்க முடியாது. நாம் கத்தரிக்கோலால் ஒற்றை மாத்திரையாக வெட்டி, மூலை கூராக இருக்க, எண்பது வயது ஆளிடம் கொடுக்கிறோம்.

ஒக்டோபர் 16, இரவு

"நீங்கள் வெட்டி வாங்கியதே இல்லையா?" என்று கேட்டவருக்கு: ஆம், பெனடோல் (பரசிட்டமோல்) இரண்டு வெட்டி வாங்கியவர்களில் நானும் ஒருவன். யாரும் புனிதர் இல்லை.

ஒக்டோபர் 22

பெனடோல் பேச்சு வந்ததால்: பிரிட்டனில் 1998இல் பரசிட்டமோல் பெட்டியின் அளவைக் குறைத்தார்கள். சாதாரணக் கடையில் 16, பார்மசியில் 32. கோபத்தில் அள்ளி விழுங்குகிறவர் கையில் அள்ளுவதற்கு நிறைய இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. போத்தலில் இருந்தால் ஒரே கொட்டு, கார்டில் ஒவ்வொன்றாக அமுக்கி எடுக்க வேண்டும், அதற்குள் கோபம் கொஞ்சம் இறங்கும். நம்ம நாட்டில் 2008க்குப் பிறகு பரகுவாட் களைநாசினி போன்ற நஞ்சுகளைப் படிப்படியாக நிறுத்தியதும் தற்கொலைச் சாவு குறைந்ததை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஒக்டோபர் 29

"பெயர் எழுதாவிட்டால் என்ன, நிறத்தைப் பார்த்துக் குடிக்கிறார்கள்தானே" என்று கேட்டவருக்குக் கொஞ்சம் நீளமான பதில்.

மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் குடிக்க வேண்டியது. தினமும் குடித்தால் இரத்தம் உற்பத்தியாகிற இடத்தையே கெடுத்து ஆளைக் கொல்லும். அதோடு சேர்த்துக் கொடுப்பது ஃபோலிக் அசிட். இரண்டும் பெரும்பாலும் மஞ்சள், இரண்டும் சின்னது. இரண்டையும் ஒரே மாதிரி வெள்ளைக் கவரில் போட்டு ஒரு கொழுந்து பறிக்கிற அம்மாவிடம் கொடுத்தால் நிறத்தைப் பார்த்து என்ன செய்வார்?

என் கவுண்டருக்கு அப்படி ஒருவர் வருவார். அவருக்கு எழுத்து தெரியாது. மெதோட்ரெக்சேட் கவரைச் சிவப்புப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, வாயைப் பின் அடித்து மூடி, "செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் பின்னைக் கழற்றணும்" என்று சொல்லிக் கொடுப்பேன். அடுத்த முறை வரும்போது கவரைக் கையோடு கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்ப்பேன். கணக்கு எப்போதும் சரியாக இருக்கும்.

பணக்கார நாடுகளிலும் இந்த மருந்தைத் தினமும் குடித்துச் செத்தவர்கள் உண்டு. 2019இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம், வாரம் ஒருதரம் குடிக்கும் மெதோட்ரெக்சேட் மாத்திரையைப் போத்தலில் கொடுக்காமல் கார்டில் மட்டும் கொடுக்கச் சொன்னது. அழகான போத்தலும் தனியாக நின்று காப்பாற்றாது, பாருங்கள்.

நிறம் பற்றி இன்னொன்று. 2022இல் டொலர் இல்லாமல் மருந்து நின்றபோது, இந்தியா கொடுத்த நூறு கோடி டொலர் கடனில் மருந்தும் வந்தது, நன்கொடையாகவும் வந்தது. கிடைத்த இடத்திலிருந்து எடுத்தார்கள். பிரஷருக்குக் குடிக்கும் ஒரே லொசார்டான் மாத்திரை ஒரு மாதம் வெள்ளை வட்டம், மறு மாதம் பச்சை நீள்வட்டம். நிறத்தை நம்பியிருந்தவர்கள், "இது என் மருந்து இல்லை" என்று குடிக்காமல் வைத்துவிட்டார்கள். இன்னும் சிலர் வீட்டில் மிச்சம் இருந்த பழையதையும் புதியதையும் சேர்த்துக் குடித்துத் தலை சுற்றி விழுந்தார்கள்.

ஒக்டோபர் 30

சேனக்க பிபிலேயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், பேராதனையில் மருத்துவம் கற்பித்தவர், ஆகவே மலைநாட்டுக்கும் சொந்தம். கம்பனி வைத்த பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரால் எழுதுங்கள், வாங்குங்கள், விலை குறையும் என்று சொல்லிச் செய்தும் காட்டினார். மற்ற நாடுகள் அதைப் பார்த்துப் படித்தன. அந்தக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்துக் கடையில் மலிவாக வாங்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைக்கலாம். மருந்தின் சொந்தப் பெயருக்காக அவ்வளவு சண்டை பிடித்த நாட்டில், அந்தப் பெயர் டொக்டர் துண்டு வரை வந்து கவரில் காணாமல் போகிறது.

நவம்பர் 5

அப்பாயி சொன்ன தோட்டத்து டிஸ்பென்சரிக் கதை, சும்மா கேட்டு வையுங்கள். அப்போது பெரும்பாலும் தண்ணி மருந்துதான். போத்தலை நாம்தான் கழுவிக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் திட்டு. மருந்துக்கார ஐயா ஊற்றியதும் ஒரு நீளக் கடதாசியை மடித்து ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிப் போத்தலின் பக்கத்தில் பசை போட்டு ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. மருந்து முதல் பல்லிலிருந்து இரண்டாம் பல்லுக்கு இறங்கினால் காலை மருந்து முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் பிசகாமல் குடிப்பார், வீட்டில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்தே, "மத்தியானத்துக்குக் குடிக்கலையா?" என்று அதட்டலாம்.

என்ன மருந்து என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "நீ டொக்டரா?" என்பாராம்.

நவம்பர் 6

கொட்டகலையிலிருந்து எழுதியவர் அஸ்பிரின் கவரைத் திறந்தால் புளித்த வாடை வருவதாகச் சொல்கிறார். குடிக்க வேண்டாம். அஸ்பிரினில் ஈரம் ஏறினால் உடைந்து அசற்றிக் அமிலம் பிரியும், அதுதான் வினாகிரி மணம். மலையில் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் சுவரே வியர்க்கிறது, கடதாசிக் கவர் எந்த மூலைக்கு? வல்ப்ரோயேட் இன்னும் மோசம், ஈரத்தைக் கண்டால் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அலுமினியத்தில் வருகிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜீ.டி.என் மாத்திரையைக் கண்ணாடிப் போத்தலை விட்டு மாற்றவே கூடாது. கவரிலோ பிளாஸ்டிக்கிலோ போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வீரியம் போய்விடும்.

அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டு காய்ந்த இடம் என்று நினைத்து மருந்தை வைக்காதீர்கள். அங்கே சூடும் நீராவியும். நல்ல மூடி உள்ள டப்பா, படுக்கிற அறை, பிள்ளைகளுக்கு எட்டாத உயரம்.

டிசம்பர் 3

டுபாய்க்கு வேலைக்குப் போகிற தங்கச்சி கேட்ட கேள்விக்கு: கவர் மருந்தைக் கவரோடு கொண்டுபோக வேண்டாம். பெயர் இல்லாத மாத்திரையை விமானநிலையத்தில் எப்படி விளங்கப்படுத்துவீர்கள்? கார்டோடு, முடிந்தால் பெட்டியோடு வாங்குங்கள். டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடுங்கள். வலிக்கு டிரமடோல், கொடீன் கலந்த மருந்து எதுவும் இருந்தால் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை, முன்கூட்டியே அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம். அனுப்புகிற ஏஜென்சி "ஒண்ணும் ஆகாது, கொண்டு போங்க" என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள்.

2024 ஜனவரி 14

தம்பி லீவில் வந்தான். பொங்கலுக்கு முதல்நாள் திண்ணையில் உட்கார்ந்து இதையேதான் பேசினோம். அவன் இல்லத்தில் சிலருக்கு ஒரு வாரத்து மருந்தும் ஒரே அட்டையில் வருமாம். ஏழு நாள், நாளுக்கு நாலு குழி, ஒவ்வொரு குழியிலும் அந்த வேளைக்குரியது எல்லாம். ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே. ஒரு வேளை மாத்திரைகளை ஒரே சின்னப் பையில் போட்டு, மேலே பெயரும் "காலை, சாப்பாட்டுக்குப் பின்" என்பதும் அச்சடித்துக் கொடுப்பார்கள். சுவீடனில் அப்படிப்பட்ட பைகள் நீளச் சுருளாக வரும், கிழித்துக் கிழித்துக் குடிக்க வேண்டியதுதான்.

கேட்டபோது, இதுதான் நம்ம அம்மாமார்களுக்கு வேண்டியது என்று தோன்றியது. பிறகு தம்பி சொன்னதைக் கேட்டதும் அவ்வளவு நிச்சயமில்லை. நடு வாரத்தில் டொக்டர் ஒரு மருந்தை நிறுத்தினால் அந்தக் குழியில் இருக்கும் ஐந்தில் எது என்று தேட வேண்டும். குடிக்கிறவருக்குத் தன் மருந்தின் பெயரே மறந்துபோகும். "காலைக் குழி, இராக் குழி என்றுதான் சொல்வாங்க, பிரஷர் மாத்திரை என்று சொல்ல ஆள் இல்லை" என்றான்.

ஜப்பானியரிடம் எனக்குப் பிடித்தது அந்தப் பையை விட அவர்களுடைய மருந்துக் கொப்பிதான். எந்தப் பார்மசிக்குப் போனாலும் கொப்பியை நீட்ட வேண்டும், கொடுத்த மருந்தை அதில் ஒட்டிவிடுவார்கள். நம்மிடமும் கிளினிக் கொப்பி இருக்கிறதே! டொக்டர் அதில் ஒவ்வொரு மருந்தையும் பெயரும் அளவுமாக எழுதுகிறார். அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலுமாரியில் பூட்டி, அடுத்த கிளினிக் அன்றைக்குத்தான் வெளியே எடுக்கிறோம்.

தலவாக்கலைக்காரருக்கு இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். மருந்து எடுத்த அன்றைக்கே, கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன், கொப்பியை விரித்து ஒவ்வொரு கவரையும் ஒவ்வொரு வரிக்கு நேராக வையுங்கள். எது எந்த வரி என்று தெரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள். பின்னால் வரிசை நீளம்தான், முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். கவரின் மேல் உங்கள் கையாலேயே மெட்ஃபோர்மின் 500, அட்டோர்வாஸ்டாட்டின் 10 என்று தமிழில் எழுதுங்கள். கீழே "சீனிக்கு", "கொழுப்புக்கு" என்றும் எழுதுங்கள். பேனா கொண்டுபோங்கள், அங்கே இரவல் கிடைக்காது.

ஜனவரி 15

"கவரில் எழுதுவது ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை இல்லையா?" ஆம், அவர்கள் வேலைதான். தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கடிதம் போடுங்கள், மொழிச் சட்டம் நம் பக்கம்தான். பதில் வரும் வரைக்கும் அம்மா மருந்து குடிக்க வேண்டுமே.

பெப்ரவரி 4

ஜெர்மனியில் இருக்கும் வாசகர் சொல்கிறார்: ஜனவரி முதல் அங்கே டொக்டர் துண்டும் கணினிக்குள் போய்விட்டதாம், காப்புறுதி அட்டையைப் பார்மசியில் நீட்டினால் போதும். டொக்டர் கையெழுத்தை வாசிக்கத் தனித்திறமை வேண்டிய காலம் அங்கே முடிந்தது. இங்கே அந்தத் திறமைக்கு இன்னும் சம்பளம் உண்டு.

பெப்ரவரி 11

பண்டாரவளையில் புதிதாகக் கவுண்டரில் நிற்கும் தம்பி, கார்டை எந்தப் பக்கமிருந்து வெட்டுவது என்று கேட்டிருக்கிறார். காலாவதித் திகதி அமுக்கிய ஓரத்தைத் தடவிப் பாருங்கள், விரலுக்குத் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வெட்டிக் கொடுக்கிற கார்ட் துண்டில் மருந்தின் பெயர் முழுதாக இல்லாவிட்டால் கவரில் பெயரையும் மில்லிகிராமையும் திகதியையும் எழுதிவிட்டுத்தான் பில் போட வேண்டும், பில் போட்ட பிறகு எழுத நேரம் வராது. கூர் மூலையை உருட்டி வெட்டுங்கள். கடைசித் துண்டை, திகதி இருப்பதை, முதலாளி "வைச்சுக்கோ, பார்த்துப் பார்த்து எழுதலாம்" என்பார். வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதே பெட்டியில் வேறு தொகுதிக் கார்ட் கலந்துவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.